இணைப்புத் தாள்

படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் கேட்டிருக்கிறீர்கள்:
நஷ்டம் எனில் தனித்தாளில் விளக்குக.
விளக்குகிறேன்.

பெயர் வெர்லா ஸ்தான்சாக்.
பள்ளிக்கூட உணவகத்தில் கரண்டி பிடிக்கிறவள்.
வீடு ஒன்று, தளம் இரண்டு.
கீழே நான்.
மேலே வாடகைக்கு ஓட்டிஸ் பெட்டிபோன்.
மேலே இருப்பவர் படியளப்பார் என்பார்கள்.
இவர் ஒன்பது மாதம் அளந்தார்.

ஒஹாயோவில் எங்கள் தெருவுக்கு ஒரு கோணல் உண்டு.
ஊர் எல்லை சாலையோடு போகாமல்
என் வாசலில் ஏறி
அடுப்படியைக் கடந்து
குளிர்சாதனப் பெட்டிக்கும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் நடுவே
வெளியே போகிறது.
பால் ஓர் ஊரில், தண்ணீர் வேறு ஊரில்.
தபாலில் வருவதும் இரண்டு உறை.
உங்களுடையது நீலம். அவர்களுடையது மஞ்சள்.
நீலம் ஏப்ரல் பதினைந்து என்கிறது.
மஞ்சள் 'மேற்சொன்ன தேதிக்குள்' என்கிறது,
மேலே எதுவும் சொல்லாமல்.

போன வருடம் லாபமில்லை, அதனால் அனுப்பவில்லை.
பூஜ்ஜியத்தை அனுப்பாத குற்றத்துக்கு
நூற்றைம்பது டாலர் அபராதம் வந்தது.
ஒன்றுமில்லாததற்கு இத்தனை விலை என்று
எனக்கு அதுவரை தெரியாது.

தொலைபேசினேன்.
நாற்பது நிமிடம் வயலின், பிறகு ஒரு பையன்.
வீட்டில் எத்தனை சதவீதம் எங்களுடையது என்றான்.
ஞாயிற்றுக்கிழமை அளந்தோம்.
நாடாவின் மறுமுனையை ஓட்டிஸ் பிடித்துக்கொண்டார்.
எல்லைக்கோடு ஒரு வரி, படிவத்தில் வரி, கட்டுவதும் வரி.
அளக்க அளக்க எந்த வரியில் நிற்கிறேன் என்பதே மறந்தது.
மாடியில் கட்டிலின் தலைமாடு நீலம், கால்மாடு மஞ்சள்.
'அப்படியானால் தலைவரி உங்களுக்குத்தான்'
என்று சிரித்தார். நானும்.
ஐம்பத்தெட்டு சதவீதம் நீலம். எழுதிக்கொள்ளுங்கள்.

வரவு: மாதம் அறுநூற்று நாற்பது, ஒன்பது மாதம்,
ஐயாயிரத்து எழுநூற்று அறுபது.
செலவு: வெப்ப உலை இரண்டாயிரத்து நூற்றெண்பது,
சொத்துவரி, காப்பீடு, தண்ணீர். ரசீதுகள் பின்னால்.
மொத்தம் ஐயாயிரத்து எண்ணூற்றுப் பதின்மூன்று.
துண்டு விழுந்தது ஐம்பத்து மூன்று.
தேய்மானம் சேர்க்கவில்லை.
இருபத்தேழரை வருடத்தில் வீடு தேய்ந்து தீரும் என்று
விதியில் இருக்கிறதாம்.
கட்டி நூறு வருடம் ஆகிறது. என் வீடு விதி படித்ததில்லை.

விடுபட்ட மூன்று மாதம் பற்றி.
அக்டோபரில் வார்ப்பாலையில் இரவு ஷிப்டை நிறுத்திவிட்டார்கள்.
ஓட்டிஸ் வந்து கதவருகே நின்றார், தொப்பியைக் கழற்றாமல்.
நான் கேட்கவில்லை. அவரும் சொல்லி முடிக்கவில்லை.

டிசம்பரில் எனக்கு நாலரை மணி பஸ்.
கதவைத் திறந்தால் முழங்கால் பனி இருக்க வேண்டும்.
இல்லை.
படியிலிருந்து நிறுத்தம் வரை ஓர் ஆள் அகலத்துக்கு
தரை தெரிந்தது. உப்பும் தூவியிருந்தது.
நீல ஊர்ப் பனியையும் மஞ்சள் ஊர்ப் பனியையும்
ஒரே மண்வாரியால் தள்ளியிருந்தார்.
மாடியில் விளக்கு எரியவில்லை.
வசந்தம் வரை ஒரு நாள் தப்பவில்லை.

வாடகைக்கு ஈடாகச் செய்த வேலையும் வருமானமே,
மதிப்பிட்டு எழுதுங்கள் என்றான் பையன்.
மதிப்பிட உட்கார்ந்தேன்.
மூன்று இரவு உட்கார்ந்தேன்.

பன்னிரண்டாம் வரியில் தொகை இல்லை.
'பனி' என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன்.
மையால்தான் வேண்டும் என்றால் திருப்பி அனுப்புங்கள்,
தபால்தலை ஒட்டிய உறை உள்ளே இருக்கிறது.

பி.கு. இதே தாள் மஞ்சள் அலுவலகத்துக்கும் போகிறது.
அதில் நீலம் என்பதை அடித்து
மஞ்சள் என்று திருத்தியிருக்கிறேன்.
ஓரிரு இடத்தில் மறந்திருப்பேன்.