அரைச் சுற்று

பெருமுகை தாண்டி, மூடிய தோல் கிடங்கின் பின்னால்
லாரிக்குச் சரக்கேற்றிய மேடை.
நான் அளந்ததில் நாலடி,
இம்தியாஸ் அளந்ததில் மூணே முக்கால்.

சீட் இல்லாத சைக்கிளைப் பார்த்து
முதல் நாளே கேட்டார் வாட்ச்மேன்:
"திருடிட்டாங்களாம்மா?"

பின்சக்கரத்தில் நிற்க வேண்டும்.
ஒற்றை விரலில் பிரேக்.
விளிம்பில் இரண்டு துள்ளல், மூன்றாவதில்
உடம்பை முறுக்கி விட்டுவிட வேண்டும்,
விழும்போதே திரும்பி
விட்டுவந்த மேடையைப் பார்த்து இறங்க வேண்டும்.
சொல்ல இவ்வளவுதான்.

பதினோரு நாள் கால் சுற்றோடு நின்றது.
பெடல் கடித்த முழங்காலோடு போய்
லேபில் ஊரார் ரத்தம் எடுத்தேன்.
கேட்டவர்களுக்கு
மாடிப்படி என்றேன்.

வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டினான் இம்தியாஸ்:
தோள் திரும்புகிறது, இடுப்பு திரும்புகிறது,
கண் மட்டும்
விழப்போகும் தரையில்
ஆணி அடித்த மாதிரி.

இன்று ஏழரைக்கே வெயில் மண்டையைப் பிளந்தது.
எதிர்மலைப் பாறை அடுப்புக்கல்லாய்க் காய,
கிளவுஸுக்குள் விரல் வழுக்க,
மூன்றாவது துள்ளலில்
தரையை விட்டுவிட்டு
தோளுக்கு மேலாக, பின்னால்,
மேடைச் சுவரில் யாரோ தாரில் எழுதிய
'இங்கு குப்பை கொட்டாதீர்' எங்கே என்று தேடினேன்.
'கொ' கண்ணில் பட்டபோது
சக்கரம் மண்ணைத் தொட்டிருந்தது.

இம்தியாஸ் கத்தவில்லை.
போனைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்,
சார்ஜ் போயிருந்தது.

வாட்ச்மேன்தான் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.
"இப்ப எந்தப் பக்கம்மா போவணும் நீ?"