நிகர எடை

மணலி சாலையில் எடைமேடை வேலை எனக்கு.
சரக்கோடு லாரி ஏறி நிற்கும், ஒரு எண்.
இறக்கிவிட்டுத் திரும்பும், இன்னொரு எண்.
கழித்து வருவதைச் சீட்டில் அடித்துக் கொடுப்பேன்.
கிளீனர் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறானா என்று
எட்டிப் பார்ப்பதுதான் இதில் கெட்டிக்காரத்தனம்.

வீட்டில் மூன்று உடம்பு, ஒரே அடுப்பு.

எபனேசருக்குக் கிரியாட்டினின் ஏறிய வருஷம்
ஸ்டான்லியில் ஒரு தாள் கொடுத்தார்கள்:
புரதம் நாளைக்கு முப்பத்தாறு கிராம்.
காசிமேட்டில் மீன் ஏலம் கூவிய மனுஷனுக்குத்
தீப்பெட்டி அளவில் ஒரு சங்கராத் துண்டு.
திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
"இது எவ்ளோக்குப் போச்சு?" என்பார்.
மீதிப் பசிக்குச் சோறு, எண்ணெய் என்றது தாள்.

அந்தச் சோறு எனக்கு ஆகாது. எனக்குச் சர்க்கரை,
என் தாள் வேறு.
அவர் காயை வேகவைத்துத் தண்ணியைக் கொட்டணும்,
என் காயில் கொட்டக் கூடாது.
ஷாரோனுக்குத் தாளே இல்லை. பதினாலு வயசு.
சட்டியை வழித்துவிட்டு
"வேற என்னம்மா இருக்கு?"

இப்படி இரண்டு வருஷம்
மின்ட் தெருவில் வாங்கிய குட்டித் தராசும் நானும்.

டயாலிசிஸ் தொடங்கிய அன்று புதுத் தாள்.
அதே டயட்டீஷியன், அதே பச்சைப் பேனா,
எழுபத்திரண்டு கிராம்.
தப்பா எழுதிட்டீங்க மேடம் என்றேன்.
இல்லைம்மா, மிஷின் கொஞ்சத்தை இழுத்துக்கும்,
இனிமே நிறைய குடுக்கணும்.

எதை எட்டாத அலமாரியில் வைத்தேனோ
அதையே இனிக் கெஞ்சி ஊட்டணும்.
எபனேசர் விடாமல் சிரித்தார்.
மீன்பிடித் தடைக்காலம் அது,
போட்டெல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடந்தது.

அதனால் முட்டை.
காலையில் இரண்டு, ராத்திரி வெள்ளை மட்டும் மூன்று.
மஞ்சளெல்லாம் ஷாரோனுக்கு;
நாலாம் நாள் அவளும் தட்டைத் தள்ளினாள்.
இவருக்கோ வாயில் எல்லாமே துருப்பிடித்த ஆணி ருசி.
தண்ணி வேறு அளந்து, ஒரு நாளைக்கு ஒரு சொம்பு.

செவ்வாய், வெள்ளி.
படுக்கையில் ஏறுமுன் எடை, இறங்கிய பின் எடை.
அறுபத்திரண்டு நானூறு. அறுபது நூறு.
ட்ரை வெயிட் அறுபது, நூறு எங்கிருந்து வந்தது
என்று டெக்னீஷியன் தலையைச் சொறிகிறார்.
"நம்ம தொழில்டி இது" என்கிறார் எபனேசர்,
மேடையில் அசையாமல் நின்று.

எட்டிப் பார்த்தேன்.
சட்டைப்பை புடைத்திருக்கிறது.

செய்தித்தாளில் சுருட்டி
காலையில் நான் கொடுத்த இரண்டு முட்டை.