எந்தக் கால்

ஆட்டக் குறிப்பேட்டில் ஒரே வரி.
ஐம்பத்தெட்டாம் நிமிடம், எதிரணி கோல்,
வலையில் நின்றவர்: ரைமோ லூக்கரினென்.
வட்டு யார் காலில் பட்டுத் திரும்பியது என்று எழுத
அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

வார்க்கவுஸ் காகித ஆலையின் பின்புறம், திறந்தவெளிப் பனித்தரை.
உறைநிலைக்குக் கீழே இருபத்தாறு.
எங்களுக்கெல்லாம் ஓடப் பிடிக்கும்.
அவன் நின்றான்.
கோல்கீப்பர் தேர்வு அத்துடன் முடிந்தது.
கிழிந்த சோபா ஒன்றை வெட்டித் தைத்த கால்காப்பு,
அடி விழும்போதெல்லாம்
யாரோ வீட்டுத் தூசி எழும்பும்.

கல்லுளிமங்கன்.
ஆட்டம் தொடங்குமுன்
வலக் கம்பத்தை மட்டையால் இரண்டு தட்டு,
இடக் கம்பத்தை ஒன்று.
ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.
"இடதுக்குக் காது நன்றாகக் கேட்கும்."

சௌனாவில் எதிரே உட்கார்ந்தால் எண்ணலாம்.
தொண்டைக்குழியில் ஒன்று,
காறையெலும்பின் கீழ் இரண்டு,
தொடையில் ஊதாவும் மஞ்சளுமாய்ப் பழுத்துக்கொண்டிருப்பவை தனி.
விழுப்புண் பதினொன்று.
முதுகு மட்டும்
அன்று பெய்த பனி.

இருபத்துமூன்றில் அமெரிக்கா அழைத்தது.
பெரிய அணி அல்ல, பெரிய அணிக்குக் காத்திருப்பவர்களின் அணி.
மாற்று கோல்கீப்பருக்கு அங்கே ஒரு வேலை உண்டு:
ஆட்டக்காரர்கள் மூச்சிரைக்க வந்து ஏறும்போது
இருக்கைப் பக்கத்துச் சின்னக் கதவைத் திறக்க வேண்டும்.
பிறகு மூட வேண்டும்.
முப்பத்தெட்டு ஆட்டங்கள்.
பிப்ரவரியில் எனக்கொரு தபால் அட்டை வந்தது,
ஏரிக்கரைக் கலங்கரை விளக்கப் படத்துடன்:
"கதவு நன்றாக வேலை செய்கிறது."

ஒரே ஓர் இரவு இறக்கினார்கள்,
ஆறுக்கு ஒன்று என்று தோற்றுக்கொண்டிருந்தபோது.
இருபது நிமிடம், பத்தொன்பது அடி.
ஒன்றும் உள்ளே போகவில்லை.
மறுநாள் பத்திரிகையில் பெயரை
மூன்று எழுத்துத் தப்பாகப் போட்டிருந்தார்கள்.
அந்தத் துண்டை அவன் மனைவி விர்பி
மின் கட்டண ரசீதுகளோடு வைத்திருக்கிறாள்.

திரும்பி வந்தான். எங்களோடு ஏழு பருவம்.
பேருந்தில் முன்வரிசை, ஜன்னலோரம்,
வழியெல்லாம் ஒரே குறுக்கெழுத்துப் புதிர்.

அப்புறம் அந்த மார்ச். யொஎன்சு நகரம், ஏழாவது ஆட்டம்.
இரண்டுக்கு இரண்டு.
நீலக்கோட்டிலிருந்து வந்தது சாதாரண அடி,
அவன் ஏற்கெனவே அங்கே மண்டியிட்டுவிட்டான்.
நான்தான் நடுவே போய்
தடுக்கப் பார்த்தேன்.
சறுக்குக் கத்தியில் 'டிக்' என்று ஒரு சத்தம்,
ஸ்பூன் விளிம்பில் கிண்ணம் பட்டதுபோல.

அவன் திரும்பி வலையைப் பார்க்கவில்லை.
தண்ணீர்ப் புட்டியை எடுத்தான், குடித்தான், துப்பினான்,
தன் இடத்துப் பனியைச் சுரண்டிச் சமப்படுத்தினான்.
செய்தியாளர்கள் மைக் நீட்டியபோது சொன்னது:
"சரியாகப் பார்க்கவில்லை."

எதிரணி மட்டையில் சுற்றிய நாடாவின் பிசிறைக்கூட
பார்த்துச் சொல்கிறவன்.

அடுத்த பருவத்துக்கு ஒப்பந்தம் வரவில்லை.
குவோபியோ மருத்துவமனையில் முதலில் இடது முழங்கால், பிறகு வலது.
எனக்கு வந்தது. கையெழுத்தும் போட்டேன்.
பேனா எழுதாமல் இரண்டு தடவை உதறியது நினைவிருக்கிறது.

இப்போது அவன் கால்வாய்த் துறையில்.
ஒரு அறை, ஆறு திரை.
படகு வந்தால் மடைக்கதவு திறக்கிறான்,
நீர் ஏறியதும் அடுத்ததைத் திறக்கிறான்.
யாரையும் தடுப்பதில்லை.

போன ஜூலையில் என் படகோடு தைபாலே மடைக்குள் இருந்தேன்.
இருபுறமும் ஈரக் கருங்கல் சுவர்,
கயிற்றைப் பிடித்தபடி மெல்ல உயர்ந்துகொண்டிருந்தேன்.
மேலே கம்பத்து ஒலிபெருக்கி கரகரத்தது.

"இடது காலா, வலதா?"

முப்பது வருடம். வணக்கம்கூட இல்லை.

இடது, என்றேன்.
கேட்டிருக்காது என்று நினைத்து
குனிந்து, இடது காலைத் தூக்கிக் காட்டினேன்,
சுவரில் எங்கோ இருக்கும் கேமராவுக்கு.
படகு ஆடியது.

"அப்படித்தான் நினைத்தேன்."

பச்சை விளக்கு எரிந்தது. கதவு திறந்துகொண்டிருந்தது.
நான் அங்கேயே நின்றேன்.
பின்னால் ஜெர்மன்காரர்களின் பெரிய படகு
இரண்டு முறை ஊதல் அடித்தது.