நட்சத்திரம் இரண்டு

முப்பத்தோராம் நாள் காலை
சேலம் பெரியாஸ்பத்திரி மூன்றாம் மாடியில்
"மாத்திரையை விட்டுட்டாரா?" என்றார்கள்.
யாரும் அதட்டவில்லை. கேட்ட விதம்தான்.

மஞ்சப்பையைக் கவிழ்த்தேன்.
மூன்று அட்டை, முப்பது பள்ளம்,
ஒவ்வொன்றிலும் என் கட்டைவிரல் கிழித்த தகரத்தாள்.
தலையாட்டினார்கள்.
அட்டை காலியானால் வயிற்றுக்குள் போயிற்று என்று
எந்தச் சட்டமும் இல்லை.

எனக்கும் இல்லை.
வீட்டுக்குப் போய்த் தொட்டிக்குப் பின்னால் தேடினேன்,
ஜன்னல் இடுக்கில், தலையணை உறைக்குள்.
திரும்பி வந்து கட்டிலருகே நின்று
"எங்கய்யா துப்பினே?" என்றேன்.

முதல் அடைப்பில் வலக்கை போயிருந்தது.
இரண்டாவதில் பேச்சு.
இடக்கையை மட்டும் தூக்கினார்.
இல்லை என்றா, போ என்றா,
எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

பெயர் அர்த்தனாரி.
பாதியைப் பெயரிலேயே வைத்திருந்தவர்.

அதே ரோஸ் மாத்திரை, அதே கம்பெனி,
நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த கொழுந்தன் செங்கோடனை
நான்கு வருஷமாகக் காக்கிறது.
பேளூர் வரை பைக்கில் போய் வருகிறான்.

டாக்டர் மெஹருன்னிசாதான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
"இது விழுங்கினதும் வேலை செய்யற மருந்தில்லைம்மா.
கல்லீரல் இதை மருந்தா மாத்தணும்.
அங்கே ஒரு நொதி..."
என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.
"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"
"அயோத்தியாப்பட்டணத்துல, சேகோ மில்லு.
கிழங்கு தோல் சீவறது."
"அப்ப உங்களுக்குத் தெரியும்."

தெரியும்.
லாரி கொட்டுகிற குச்சிக்கிழங்கு ஜவ்வரிசி இல்லை.
அரைக்கணும், பால் பிழியணும், படிய விடணும்,
குலுக்கணும், வறுக்கணும்,
களத்தில் பரப்பி வெயில் காட்டணும்.
மில் ஓடாத வாரத்தில்
எத்தனை லோடு வந்தாலும் வாசலில் கிடந்து
நீலம் பாய்ந்து, புளித்து, நாறும்.
இவர் உடம்பில் அந்த ஒரு ஷெட்டுக்கு
பிறந்த நாளிலிருந்தே கரண்ட் இல்லை.
முப்பது நாளும் நான்
கிழங்கைக் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ரத்தம் சென்னைக்குப் போனது.
ஒன்பது நாள் கழித்துக் காகிதம் வந்தது.
நட்சத்திரம் இரண்டு, நட்சத்திரம் இரண்டு
என்று வாசித்தார் டாக்டர்.
"நட்சத்திரமா?"
"மரபணுவுக்கு அப்படி ஒரு குறி.
ஒண்ணு அப்பா கொடுத்தது, ஒண்ணு அம்மா."

என் மாமியார் சொந்தத் தாய்மாமனைக் கட்டியவர்.
ஒரே ரத்தம், பொருத்தம் எதற்கு என்று
ஜாதகமே எடுக்கவில்லையாம்.
எடுக்காத கல்யாணத்தில்
இந்த நட்சத்திரம் மட்டும் பொருந்தியிருக்கிறது.
செங்கோடனும் அதே வயிறுதான்.
அவனுக்கு விழுந்தது வேறு சீட்டு.
கோகிலாவுக்கு ஒன்றாவது நிச்சயம் என்றார்.
வைகாசியில் அவளைப் பெண் கேட்டு வருகிறார்கள்.
விசாகம் என்று சொல்லியிருக்கிறேன்.

புது மாத்திரை மஞ்சள். காலை ஒன்று, இரவு ஒன்று.
கல்லீரலை எதிர்பார்க்காதாம்.
மூச்சு முட்டினால் உடனே சொல்லணும்.
யார் சொல்வது என்று கேட்கவில்லை.
விலையை மட்டும் கேட்டேன்.

இரவு எட்டு மணி.
ஜன்னலுக்கு வெளியே மலைப்பாதையில்
ஒரு வண்டி வெளிச்சம் திரும்பித் திரும்பி ஏறுகிறது.
அட்டையை அவர் கண்ணெதிரே அழுத்தினேன்.
விழுங்கினார். வாயைத் திறந்து காட்டினார்,
நாக்கைத் தூக்கியும்.
நான் கேட்கவே இல்லை அப்படி.

"நீ துப்பலை" என்றேன்.
இடக்கையைத் தூக்கினார்.
இந்த முறையும்
எனக்குப் படிக்கத் தெரியவில்லை.