பத்து கஜம்

வேதியியல் கட்டடத்துக்கும் நூலகத்துக்கும் நடுவே
எங்கள் பல்கலைக்கழக மைதானம்.
உதைத்த பந்து சில சமயம் ஆய்வகக் கூரையில் விழும்.
திங்கட்கிழமை யாராவது ஏணி வைத்து எடுப்பார்கள்.
முப்பத்தோராயிரம் இருக்கைகள்.
ஊரில் மொத்தமே பத்தொன்பதாயிரம் பேர்.

வார நாட்களில் நான் பதிவாளர் அலுவலகத்தில்
மதிப்பெண் பட்டியலுக்கு முத்திரை குத்துகிறவள்.
சனிக்கிழமை, கோட்டோரம்
ஒரு கம்பைப் பிடித்து நிற்பேன்.
கம்பின் தலையில் எண் மாறும்:
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் போனால்
மறுபடி ஒன்று.
போகாவிட்டால் பந்து எதிராளிக்கு.
ஆட்டம் அவ்வளவுதான்.
மற்றதெல்லாம் எலும்பு.

அந்தப் பத்து கஜத்தைத் தூக்கிக்கொண்டு திரிபவர்கள் இரண்டு பேர்.
ஆளுக்கொரு ஆரஞ்சுக் கம்பு, நடுவே சங்கிலி.
ஒரு முனையில் ஆர்வில் டெஸ்மர்,
இயற்பியல் துறைப் பட்டறையில்
மயிரைப் பத்தாகப் பிளக்கும் துல்லியத்தில் பித்தளை கடைகிறவர்.
மறுமுனையில் மெர்ல் ஹேகடார்ன்,
சோள விதை விற்கிறவர்.
இருவருக்கும் பேச்சு நின்று பதினோரு வருடம்.

காரணம் ஒரு வேலி.
ஒன்றரை அடி உள்ளே வந்துவிட்டான் என்றார் இவர்.
வரவேயில்லை என்றார் அவர்.
நில அளவையர் மூன்று முறை வந்து
மூன்று எண் சொல்லிவிட்டுப் போனார்.
மெர்லின் மனைவி இறந்தபோது
ஒரு பூக்கூடை வந்தது, பெயர்ச்சீட்டு இல்லாமல்.
அதோடு சரி.

சங்கிலி தொய்யக் கூடாது.
தொய்ந்தால் அளவு பொய்.
இழுத்துப் பிடிப்பதில்
இருவரையும் மிஞ்ச ஆளில்லை.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு.
ஆள்மேல் ஆள் விழுந்த குவியலுக்கடியில்
பந்து எங்கே நின்றது என்று
நடுவருக்குத் தெரியாது.
குத்துமதிப்பாக ஓரிடத்தில் வைப்பார்.
அந்தக் குத்துமதிப்பை
நாங்கள் ஓடிப்போய்
விரற்கடை பிசகாமல் அளப்போம்.

முதல் வருடம் சிரிப்பு வந்தது.
இப்போது வருவதில்லை.
எவரோ தூக்கக் கலக்கத்தில் போட்ட எழுபத்தொன்பதுக்கு
மை காயும்வரை ஊதிக்கொடுத்தவள்தானே நானும்.

நவம்பர், கடைசி ஆட்டம்.
கோடுகளின் மேல் பனி.
துடைப்பத்தோடு பையன்கள் ஓடுகிறார்கள்,
பின்னாலேயே மூடுகிறது.
என் கம்பில் நான்கு.
எங்கள் பையன் பந்தோடு பாய்ந்தான்,
குவியல், விசில்,
அளக்கச் சொல்லிக் கை காட்டினார் நடுவர்.

ஓடினோம்.
ஆர்வில் கம்பை ஊன்றினார். மெர்ல் இழுத்தார்.
முப்பத்தோராயிரம் பேரும் மூச்சு விடவில்லை.
வாத்தியக் குழுவில் ஒருத்தி
ட்ரம்பெட்டைக் கவிழ்த்து எச்சிலை உதறினாள்,
அது கூடக் கேட்டது போலிருந்தது.
கம்பைத் தாண்டியிருந்தது பந்தின் மூக்கு,
ஒரு மயிரிழை.

அப்போதுதான் மெர்ல் குனிந்தார்.
அவர் காலடியில் ஒரு கண்ணி
பனியில் முறுக்கிக் கிடந்தது.
நடுவர் பார்க்கவில்லை.
கையுறையைக் கழற்றிப்
பெருவிரலால் நெம்பிவிட்டார்.
கண்ணி நிமிர்ந்தது, சங்கிலி நீண்டது,
கம்பு நகர்ந்தது
இரண்டு விரற்கடை.

இல்லை, என்றார் நடுவர்.

பிறகு வந்தது கூச்சல்.
ஒரு கோப்பை சூடான கொக்கோ வந்து
மெர்லின் முதுகில் உடைந்தது.
வைத்தவர்மேல் எறிய மாட்டார்கள்,
அளந்தவர்மேல்தான்.
ஆர்வில் பார்த்துக்கொண்டேயிருந்தார்,
கோப்பையை அல்ல,
அந்தக் கண்ணியை.

சங்கிலியைச் சுருட்டவேண்டுமென்றால்
ஒருவரையொருவர் நோக்கி நடந்தாக வேண்டும்.
வேறு வழியில்லை அதற்கு.
காலி மைதானத்தில் நடந்தார்கள்.
கம்பும் கம்பும் முட்டின.
ஆர்வில் ஏதோ சொன்னார்.
காற்று என் பக்கம் வீசவில்லை.
மெர்ல் தலையாட்டினாரா,
தொப்பிப் பனியை உதறினாரா,
அதுவும் தெரியாது.

வேலி அங்கேயேதான் இருக்கிறது.
போன வாரம் காரில் தாண்டிப் போனேன்.
புது வெள்ளை அடித்திருக்கிறது.
எந்தப் பக்கத்து ஆள் அடித்தது என்று
தெருவிலிருந்து சொல்ல முடியவில்லை.