நடக்கவா, நிக்கவா

செவ்வாய்ப்பேட்டையில் எனக்குக்
கொலுசு எடை போடும் வேலை.
ஜோடிக்கு ஜோடி ஒரு கிராம் பிசகக் கூடாது.
பாட்னாவுக்குப் பத்தரை அங்குலம்,
இந்தூருக்குப் பத்தேகால்,
சின்னப் பிள்ளைகளுக்கு ஆறு.
பார்த்தேயிராத பெண்களின் கணுக்கால்கள்
எனக்கு மனப்பாடம்.

ஆறரைக்கு ஷட்டர் இறங்கியதும்
குகைக்கு சைக்கிள்.
மாவு மில்லுக்குப் பின்னால் தகர ஷெட்,
ஒரு கம்பி, கொஞ்சம் இரும்பு,
கிராமே இல்லாத கணக்கு.

முதல் வருஷம் ஓடுகிற ஷூவில் தூக்கினேன்.
புது பஸ் ஸ்டாண்ட் எதிரில் வாங்கியது,
ஊதாவும் ஆரஞ்சும், அடியில் காற்றுப் பை.
"மேகத்துல நிக்கிற மாதிரி இருக்கும்" என்றார் கடைக்காரர்.
அதுதான் கோளாறு.
ஐம்பது கிலோவைத் தோளில் வைத்துக்கொண்டு
மேகத்தில் எவள் நிற்பாள்?
குந்தி எழும்போது இடது குதிகால்
சூடான இட்லியில் விரல் அழுத்தினாற்போல் உள்ளே போகும்.
கம்பி ஒரு பக்கம் சாய்ந்து
என்னை வேடிக்கை பார்க்கும்.

வெறுங்காலில் முயன்றேன்.
தரையிலிருந்து இழுக்க நன்றாகவே இருந்தது,
விரல் பத்தும் பாயைக் கவ்வின.
குந்தினால் மட்டும்
குதிகால் தானாகக் கிளம்பிவிடும்,
பாதிப் படத்தில் எழுந்து போகிறவர் மாதிரி.
ஏற்காட்டுப் பாதையில், பதினேழாம் கொண்டை ஊசியில்
ஸ்கூட்டியோடு சறுக்கிய நாளிலிருந்து
இந்தக் கணுக்கால் பாதிக்கு மேல் மடங்காது.

இதயத்துல்லா
(லோடு ஆட்டோ ஓட்டுகிறான்; என் எடைப் பிரிவில் இருந்தால் தோற்பான்)
இரண்டு சின்னத் தட்டுகளைக் காலால் தள்ளிவிட்டான்.
"குதிகாலுக்கு அடியில வெச்சுப் பாரு."
கிணற்றில் வாளி இறங்குவதுபோல்
நேராக இறங்கினேன், நேராக ஏறினேன்.
முக்கால் அங்குலம்.
என் ஒரு வருஷத்துக் கோணல் அவ்வளவுதான்.

அந்த முக்கால் அங்குலத்தை வைத்துத் தைத்த ஷூ
பதினோராயிரத்து எண்ணூறு.
போனில் பெரிதாக்கிப் பார்த்தேன்:
கெட்டிக் குதி, குறுக்கே பட்டை.
சம்பளத்தையும் அப்படிப் பெரிதாக்க முடிந்தால் தேவலை.

ஐந்து ரோட்டுப் பாலத்தடியில் ஜான்சிமேரி
குடையும் தைப்பாள், பையும் தைப்பாள்.
வெள்ளைக் கேன்வாஸ் ஷூவை நீட்டி
விஷயத்தைச் சொன்னேன்.
வாயில் நூலோடு கேட்டாள்:
"நடக்கவா, நிக்கவா?"

எத்தனை கடை ஏறி இறங்கினேன்,
ஒருத்தரும் கேட்கவில்லை.
எல்லாக் கடையிலும் எல்லா ஷூவும்
எங்கோ கிளம்பத் தயாராக இருந்தன.

"நிக்க."
"எவ்வளவு பாரம்?"
"அறுபது. சீக்கிரம் எழுபது."
"அப்ப மெத்தை வேணாம்."

என் செருப்பைக் கழற்றச் சொல்லி
தேய்ந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள்.
கட்டில் கடையில் கழித்த தேக்குத் துண்டு,
முன்னால் சன்னம், பின்னால் முக்கால்.
வழுக்காமலிருக்க டயர் ரப்பர் ஒரே ஒரு சீவல்.
இடது கால் அரை சைஸ் பெரிது என்பது
முப்பத்திரண்டு வயதில்
அவள் சொல்லித்தான் தெரிந்தது,
ஊருக்கெல்லாம் கால் அளவு வைத்திருப்பவளுக்கு.

நானூற்று ஐம்பது. பேரம் பேசவில்லை.

முதல் நாள் பட்டையை இழுத்துக் கட்டி
பலகையில் ஏறினேன். டக், டக்.
கதவைத் தட்டிவிட்டு உள்ளே போகிற சத்தம்.
மில்லில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள்,
எல்லாரும் தும்மினோம்.
அறுபத்திரண்டு ஏறியது.
அறுபத்தைந்து நெஞ்சுவரை வந்து,
யோசித்து,
முன்னால் விழுந்தது.

நான் விழவில்லை.
கால் வைத்த இடத்திலேயே இருந்தது.
இதயத்துல்லா ஷூவைப் பார்த்தான்.
நானும் குனிந்து பார்த்தேன்.
அதன் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியவில்லை.
கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

கைக்கு மறுபடி வெள்ளைப் பொடி பூசிக்கொண்டேன்.
நம்ம மாக்னசைட் கரட்டுச் சரக்கு என்பான் அவன்,
பொய்யாகவும் இருக்கலாம்.