படம் முப்பத்தொன்று

வெஸ்ப்ரேம் மருத்துவமனை, இரண்டாம் மாடி, இருட்டறை.
ஐந்து டாக்டர்கள், நாற்பது கழுத்துகள்.
பெயர்களை அழித்துவிட்டார்கள்.
ஒரே முறிவை நாங்கள் ஒரே எழுத்தால்
அழைக்கிறோமா என்று பார்க்க வேண்டுமாம்.

ஏ என்றால் நசுங்கியது.
பி என்றால் பின்னால் இழுத்துக் கட்டிய நார் அறுந்தது.
சி என்றால் ஓர் எலும்பு மற்றொன்றை விட்டு
வழுக்கிப் போய்விட்டது.

பழையவர்கள் வேறு மாதிரி பேசினார்கள்:
தூக்கிலிடுபவன் முறிவு,
களிமண் வாருகிறவன் முறிவு,
முன் விளிம்பில் தெறித்த சில்லுக்குக் கண்ணீர்த்துளி.
அதில் ஒரு கயிறாவது இருந்தது,
ஒரு மண்வெட்டி.

முப்பத்தொன்று வந்ததும் மவுஸில் விரல் நின்றது.
ஐந்தாவது முள்ளெலும்பு, கண்ணீர்த்துளி,
மேலே அந்த உலோகப் பல் வீசும் வெள்ளைக் கீற்று.
புல்சூ. ஜூலை. பாலட்டோன் ஏரி.
இடுப்பளவுத் தண்ணீர்தான் என்பது
தலைகீழாகக் குதித்த பிறகே அவனுக்குத் தெரிந்தது.
ஸ்ட்ரெச்சரில் அவன் சொன்னது இவ்வளவுதான்:
"மூக்குக் கண்ணாடி படகுத்துறையில் கிடக்கிறது,
யாராவது மிதித்துவிடப் போகிறார்கள்."

பேசக் கூடாது என்பது விதி.
எட்டெல்கா "ஏ நான்கு" என்று முணுமுணுத்தாள்.
கெல்லெர்ட் தலையாட்டி மறுத்து
பின்பக்க இடைவெளியைப் பேனாவால் காட்டினான்:
பி. ஒரு மில்லிமீட்டர் சண்டை.

கடைசிப் பெட்டி நரம்புக்கு.
என் பூஜ்யத்தில் தொடங்கி என் நான்கு வரை.
மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே
சில சமயம் ஒரு கால்விரல்தான் இருக்கும்.
சோதிக்கவே முடியாதவனுக்கு என் எக்ஸ்.
தெரியாது என்பதற்கும் ஓர் எழுத்து ஒதுக்கியவர்
யாரோ, நன்றாக இருக்கட்டும்.

படத்தோடு வந்த சீட்டில்:
தொண்டையில் குழாய், மயக்க மருந்து.
ஐந்து பேரும் என் எக்ஸ் என்று எழுதினோம்.
அன்று முழுக்க நாங்கள் ஒத்துப்போனது அங்கேதான்.

ஒன்பதாம் நாள் இரவு
இடது பெருவிரலை ஊசிமுனையால் தொட்டபோது
அவன் புருவம் சுருங்கியது.
அது படம் எடுத்த நாளுக்குப் பிந்தியது;
கணக்கில் வராது.

"இந்த நோயாளியை முன்பே அறிவீர்களா?"
திரை கடைசியில் கேட்டது.
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு
ஆம் என்று அழுத்தினேன்.
முப்பத்தொன்றில் என் வாக்கு செல்லாது.

கண்ணாடி கிடைத்துவிட்டது.
ஒரு காம்பு உடைந்து, பிளாஸ்திரி சுற்றி,
அவன் கட்டிலோரம் இருக்கிறது.
காலையில் யாராவது மாட்டிவிட வேண்டும்.